நாம என்றே சொன்னவர்

அவர் பேச்சை எடுத்தாலே எனக்கு வயிறு எரியும். செத்துப்போனவரைத் திட்டலாமா என்று கேட்பீர்கள். திட்டத்தான் போகிறேன். ரங்கூனில் வந்திறங்கிய அன்றிலிருந்து எனக்குச் சோறு போட்டவர், மில்லில் வேலை வாங்கித் தந்தவர், என் கூடப்பிறந்த அக்காவின் புருஷன். அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? இன்றைக்கும் என் இடது முழங்கால் மடங்காது. உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும்.

போட்டாதாங் ஆற்றோரத்தில் இருந்தது எங்கள் அரிசி மில். அத்தானுக்கு அங்கே டைம் ஆபீஸ் குமாஸ்தா வேலை. ஆனால் அந்த வட்டாரத்தில் யாரும் அவரைக் குமாஸ்தா என்று சொல்லி நான் கேட்டதில்லை. மேனேஜர் என்பார்கள். மில்லுக்கு ஒரு பந்தாட்ட அணி இருந்தது. அதற்குக் கேப்டன் ஒரு ஸ்காட்லாந்துத் துரை. அந்தக் கேப்டனுக்கு ஏழெட்டு வருஷம் மேனேஜராக இருந்தவர் எங்கள் அத்தான். மேனேஜர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். துரையின் பூட்ஸுக்கு எண்ணெய் தடவுவார். பந்துக்குக் காற்றடிப்பார். இடைவேளைக்கு எலுமிச்சம்பழம் நறுக்கி வைப்பார். இதையெல்லாம்விட முக்கியமான வேலை ஒன்று இருந்தது. துரை இங்கிலீஷில் சொல்வதை எங்களுக்குத் தமிழில் சொல்வது. அங்கேதான் அந்த மனிதர் அக்கிரமம் செய்தார்.

துரையின் வாயில் நல்ல வார்த்தை வந்து நான் பார்த்ததில்லை. இரண்டு கோல் வாங்கிவிட்டு நாங்கள் சேற்றோடு வந்து உட்கார்ந்தால், இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்துவான். முகம் செங்கல் நிறமாகிவிடும். பக்கத்தில் அத்தான் தலையை ஆட்டிக்கொண்டே கேட்பார். அவன் முடித்ததும் எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு.

"நல்லாத்தான் ஆடுறீங்களாம். இன்னும் கொஞ்சம் ஓடி ஆடணுமாம்."

நாங்கள் கைநாட்டுகள்தான். ஆனாலும் மில்லில் வேலை பார்ப்பவனுக்கு வசவு எந்த பாஷையில் வந்தாலும் தெரியாமலா போகும்? ஒருநாள் நான் கேட்டேவிட்டேன்.

"அத்தான், டாங்கின்னு சொன்னான். டாங்கின்னா கழுதைதானே?"

"கழுதை மாதிரி உழைக்கிறீங்கன்னு பாராட்டுறாரு மாப்ளே."

எல்லாரும் சிரித்துவிட்டோம். நானும்தான் சிரித்தேன். அப்போது அது விளையாட்டாக இருந்தது.

வீட்டிலும் இதே கதைதான். மிங்கலா தாங்ஞுன்ட் பக்கம் ரயில் பாதையை ஒட்டி லைன் வீடுகளில் நாங்கள் குடியிருந்தோம். அடுத்த வீட்டில் டோ சான் என்று ஒரு பர்மாக்கார அம்மாள். அந்த அம்மாளின் கோழிகள் எங்கள் வாசலில் காயப்போட்ட மிளகாயைக் கிளறிவிட்டன. அக்கா விளக்குமாற்றோடு வெளியே வந்தாள். அவளுக்கு அப்போது பர்மா பாஷை தெரியாது, அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் அவரவர் பாஷையில் நாறடித்துக்கொண்டார்கள். அத்தான் நடுவில் போய் நின்றார். "உன் கோழி கழுத்தைத் திருகிக் குழம்பு வைக்கிறேன்டி" என்று அக்கா கத்தினால், அந்தப் பக்கம் திரும்பிப் பர்மா பாஷையில் என்னவோ பவ்யமாகச் சொல்வார். அந்த அம்மாள் பதிலுக்குக் கத்துவாள். இவர் அக்காவிடம், "பிள்ளை குட்டியோட நல்லா இருக்கணும்ங்கிறாங்க, மிளகாய்க்கு மன்னிப்புக் கேக்குறாங்க" என்பார். சாயங்காலம் அந்த அம்மாள் ஒரு கிண்ணம் மொஹிங்காவோடு வந்து நின்றாள். நம் ஊர் இடியாப்பத்தில் மீன் குழம்பை ஊற்றினாற்போல இருக்கும் அது. அக்கா பதிலுக்கு அவளுக்கு ரசம் கொடுத்தாள். அப்புறம் அவர்கள் இரண்டு பேரும் உடன்பிறந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். அந்த அம்மாளிடம்தான் அக்கா பர்மா பாஷையே கற்றாள். கற்ற பிறகுதான் புருஷன் அன்றைக்குச் சொன்னதெல்லாம் பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. விழுந்து விழுந்து சிரித்தாள். நல்ல மனிதர்தான், இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? நல்ல மனிதராக இருந்து தொலைத்ததுதான் என் கோபமே.

துரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெர்மன் சண்டை முடிந்த கையோடு மில் எஞ்சினைப் பார்த்துக்கொள்ள வந்தவன். கிளாஸ்கோவில் பாய்லர் பட்டறையில் சுத்தியல் பிடித்தவன் என்று அத்தான் சொல்வார். ஆட்டம் அவனுக்கு ரத்தத்தில் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். நடு மைதானத்தில் நின்றுகொண்டு, வருகிற பந்தையெல்லாம் தலையால் வாங்கி யாருக்குப் போக வேண்டுமோ அவன் காலடியில் போடுவான். ஆனால் கையில் கிரீஸ் ஒட்டுகிற வெள்ளைக்காரனை மற்ற வெள்ளைக்காரர்கள் தங்கள் கிளப்பில் சேர்க்கவில்லை. ஆட்டத்துக்கும் கூப்பிடவில்லை, மேசைக்கும் கூப்பிடவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் மில் கூலிகளைத் திரட்டி ஓர் அணி அமைத்தான். எங்கள் மேல் ஆசைப்பட்டு இல்லை. நாங்கள் அவனுக்கு ஏணி.

அத்தான் அப்படி நினைக்கவில்லை. "சாமி மாதிரி வந்திருக்காரு மாப்ளே. வெள்ளைக்காரன் நம்மகூடச் சேர்ந்து சேத்துல விழுந்து எந்திரிக்கிறான், எங்கேயாவது பார்த்திருக்கியா?" என்பார். துரை இங்கிலீஷில் 'வி' என்று சொல்லும்போதெல்லாம் அத்தான் 'நாம' என்பார். நாம ஜெயிக்கணும். நாம இன்சீன் போறோம். நாம யாருன்னு காட்டணும். ஒரு தடவைகூட 'நாங்க' என்று அவர் வாயில் வந்ததில்லை. அந்த 'நாம'வைக் கேட்கக் கேட்க எங்களுக்கும் உடம்பு சிலிர்த்துப் போகும். துரையும் நாமும் ஒன்று என்று நம்பிவிட்டோம்.

கோல் காக்கிற எங்கள் கோலி கோ தூன் ஒருத்தன்தான் சந்தேகம் கேட்டான். எஞ்சின் ரூமில் வேலை செய்த பர்மாக்காரன், தமிழ் அரைகுறை.

"மேனேஜர், 'நாங்க'ன்னு ஒண்ணு சொல்றாங்க, 'நாம'ன்னு ஒண்ணு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணா?"

"இல்லப்பா. 'நாங்க'ன்னா கேக்குற ஆளு வெளியே. 'நாம'ன்னா கேக்குற ஆளும் உள்ளே."

"அப்ப துரை சொல்ற 'நாம'வில நான் உண்டா?"

"நீ இல்லாம நாமளா? நீதானப்பா கோலி!"

கோ தூனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதன் பிறகு சாயாக் கடையில்கூட "நாம சாயா குடிக்கிறோம்" என்றுதான் சொல்வான், தனியாக உட்கார்ந்திருந்தாலும்.

அந்த வருஷம் எங்களுக்கு எங்கிருந்தோ வெறி வந்துவிட்டது. கோப்பைக்கான ஆட்டங்களில் வரிசையாக ஜெயித்தோம். நான் இடது ஓரத்து ஆட்டக்காரன், லெப்ட் அவுட். வெறுங்கால்தான். மூட்டை தூக்கித் தூக்கிப் பாதம் தோல் செருப்பு மாதிரி இருக்கும். அரை இறுதி ஆட்டம் இன்சீனில். நல்ல மழை. கடைசி நேரத்தில் பந்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன். கால் சேற்றில் மாட்டிக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பியது. யார் மேலும் குற்றமில்லை. முழங்காலுக்குள் என்னமோ அறுந்த மாதிரி இருந்தது. ரயிலில் இரண்டு பேர் மடியில் என் காலை நீட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

எலும்பு கட்டுகிற பர்மாக்கார வைத்தியர் ஒருவரை அத்தான் அழைத்து வந்தார். அவர் அமுக்கிப் பார்த்தார். மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். அத்தானிடம் ரொம்ப நேரம் விரலை ஆட்டி ஆட்டிப் பேசினார். எனக்கு அப்போது பர்மா பாஷை கடைக்குப் போய் வருகிற அளவுதான்.

"என்ன சொல்றாரு அத்தான்?"

"கொஞ்ச நாள் பார்த்து ஊனணுமாம் மாப்ளே. சரியாப் போயிடுமாம்."

அடுப்படியில் இருந்த அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"ஏங்க, அவரு அப்படியா சொன்னாரு? எனக்கும் காது இருக்கு. மழைக்காலம் முடியிற வரைக்கும் காலைத் தரையில வைக்கவே கூடாது, வச்சா கால் போயிடும்னு சொல்றாரு."

"நீ பாதிதான் புரிஞ்சுகிட்டே. பயப்படுற பிள்ளைகிட்ட எதை எப்படிச் சொல்லணும்னு இல்லியா?"

இறுதி ஆட்டம் பட்டாளத்து வெள்ளைக்காரர்களோடு. அதற்கு முந்தின வாரம் துரையே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். லைன் வீடு முழுக்க வாசலில் கூடிவிட்டது. நிலைப்படி அவனுக்கு உயரம் போதாது, அதனால் வெளியிலேயே நின்று குனிந்து பேசினான். என் காலைக் காட்டி என்னவோ கேட்டான். அப்புறம் ஆற்றுப் பக்கம் கையை நீட்டிப் பேசினான். அதில் 'கல்கத்தா' என்ற சொல் மட்டும் எனக்குக் கேட்டது.

அத்தான் முகத்தில் வெளிச்சம் அடித்தது. "மாப்ளே! இந்தக் கோப்பையை ஜெயிச்சா நாம கல்கத்தா போறோமாம். அங்கே பெரிய பந்தயமாம். நாம கப்பல்ல போறோம்!"

ரங்கூனுக்கு நான் எப்படி வந்தேன் தெரியுமா? கப்பலின் மேல்தளத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்து, ஆட்டு மந்தையோடு ஆட்டு மந்தையாக, வாந்தி எடுத்துக்கொண்டு வந்தேன். இறங்கும்போது ஒருத்தன் என்னைப் பிரம்பால் தள்ளி வரிசையில் நிறுத்தினான். அதே கப்பல்துறையில் பந்தாட்டக்காரனாக நான் கப்பலேற வேண்டும். அந்தப் பிரம்புக்காரன் இருந்தால் பார்க்கட்டும். இதற்கு ஒரு முழங்கால் போனால்தான் என்ன என்று தோன்றியது.

இருந்தாலும் கேட்டேன். "அத்தான், நிச்சயமா அவன் 'நாம'ன்னா சொன்னான்?"

"'வி'ன்னு சொன்னாரு மாப்ளே. 'வி'ன்னா நாமதானே?"

"டேய், வேண்டாம்டா. உனக்கு மூட்டை தூக்குறதுதான் பிழைப்பு. கால் போனா யாருடா உன்னை வச்சுப்பான்?" என்றாள் அக்கா. நான் கேட்கவில்லை. கட்டைப் பிரித்துவிட்டு, துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு ஆடினேன்.

ஜெயித்தோம். அந்த ஒரு கோலும் என் காலிலிருந்து போனதுதான். வலது காலில் நின்று இடது காலால் அடித்தேன். அடித்த அடியில் முழங்காலின் மிச்சமும் போயிற்று. நான் கீழே கிடந்தபோது எல்லாரும் கத்தினார்கள். அத்தான் ஓடி வந்து என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். தூரத்தில் துரை கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். வெள்ளைக்காரப் பெரிய மனிதர்கள் வரிசையாக வந்து அவன் கையைக் குலுக்கினார்கள்.

"வியாழக்கிழமை நாம கப்பலேறுறோம்" என்று அத்தான் வந்து சொன்னார். நான் படுத்த படுக்கை. "நான் எதுக்கு அத்தான்? ஆட முடியாதே" என்றேன். "ஆடாட்டிப் போகுது. நீ இல்லாம நாம போயிடுவோமா?" என்றார். தனக்கென்று ஒரு கறுப்புக் கோட்டு தைத்துக்கொண்டார். தகரப் பெட்டிக்கு வர்ணம் அடித்து வைத்தார்.

வியாழக்கிழமை காலையில் கப்பல்துறையில் போய் நின்றோம். துவைத்த வேட்டி, சட்டை. கோ தூன் புது லுங்கி கட்டியிருந்தான். என்னை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். மில் ஆட்கள் மாலை போட்டு விட்டிருந்தார்கள். துரை வந்தான். கூடவே வெள்ளை உடுப்பு போட்ட ஒரு கூட்டம் வெள்ளைக்காரர்கள். அத்தனை பேரும் அவனைச் சேர்க்காத கிளப்பின் ஆட்டக்காரர்கள். கோப்பையை வென்ற கேப்டன் என்பதால் இப்போது அவனைக் கூப்பிட்டுத் தங்கள் அணிக்கே கேப்டன் ஆக்கியிருந்தார்கள். கல்கத்தாவுக்குப் போவது அந்த அணி. அவன் சொன்ன 'வி' அவர்கள்தான்.

துரை எங்களைப் பார்த்து நின்றான். மாலைகளைப் பார்த்தான், அத்தானின் பெட்டியைப் பார்த்தான். புருவத்தைத் தூக்கி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் கப்பல் பலகையில் ஏறிப் போய்விட்டான்.

அத்தான் எங்கள் பக்கம் திரும்பினார். "வழியனுப்ப இத்தனை பேர் வந்தது ரொம்பச் சந்தோஷம்ங்கிறாரு" என்றார்.

என் ஆயுசில் அவர் மாற்றாமல் சொன்ன பேச்சு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். கோ தூன் மாலையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டான். "அப்ப 'நாம'வில நான் இல்லே" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பாடம் தப்பாகப் படித்துவிட்டவன் திருத்திக்கொள்கிற மாதிரி சொன்னான். எனக்கு அத்தானின் கோட்டைக் கிழித்து ஆற்றில் எறிய வேண்டும் போல இருந்தது.

அன்றைக்கு அக்கா அவரை விடவில்லை. "அந்தாளு யாரைச் சொல்றான்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? எனக்கு அது மட்டும் தெரிஞ்சாகணும்."

அவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே சொல்லுதான் புள்ளே. 'நாங்க'ன்னு சொல்லவா, 'நாம'ன்னு சொல்லவான்னு ஒவ்வொரு தடவையும் நான்தான் முடிவு பண்ணணும். ரெண்டுல நல்லதைச் சொன்னேன்."

"நல்லதைச் சொன்னீங்க. என் தம்பி கால் போச்சு."

அதற்கும் ஏதாவது சொல்லியிருந்தால் நான் எழுந்து அடித்திருப்பேன், எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

மழை நின்றது. கால் கட்டை மாதிரி விறைத்துப் போய்விட்டது. மேஸ்திரி என்னை ஆள் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். மூட்டை தூக்க முடியாதவனுக்கு அங்கே என்ன வேலை? ஒரே வழிதான் இருந்தது. எஞ்சின் ரூமில் ஓரிடத்தில் நின்றபடி எண்ணெய் விடுகிற வேலை ஒன்று காலியாக இருந்தது. அதை நொண்டியும் செய்யலாம். கொடுப்பதும் மறுப்பதும் துரை கையில். கல்கத்தாவிலிருந்து திரும்பியவன் இப்போது மில் அணியின் பக்கமே வருவதில்லை. சாயங்காலமானால் கிளப்புக்குப் போய்விடுவான். அத்தான் மட்டும் அவன் பூட்ஸுக்கு இன்னும் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் பேசுறேன் மாப்ளே" என்றார்.

"நீங்க பேசி நான் கிழிஞ்சது போதும். நானே தமிழ்ல கேக்குறேன். நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

துரையின் ஆபீஸ் எஞ்சின் ரூமுக்கு மேலே, கைப்பிடி இல்லாத மரப்படி. எப்படியோ ஏறிவிட்டேன். அவன் மேசையில் ஏதோ வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னேன். துரை, உங்களுக்காக ஆடித்தான் கால் போயிற்று, அந்த எண்ணெய் விடுகிற வேலையைக் கொடுத்தால் பிழைத்துக்கொள்வேன் என்றேன். அத்தான் இங்கிலீஷில் சொல்ல வாயெடுத்தார். துரை அவரைக் கையமர்த்தினான். என்னை நேராகப் பார்த்தான்.

"நொண்டிக்கு எங்ககிட்ட வேலை இல்லே. போ."

தமிழ். மில் தமிழ்தான், ஆனால் பிசகில்லாத தமிழ். நம்மகிட்ட இல்லை, எங்ககிட்ட. எங்கே எதைச் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஏழெட்டு வருஷமும் தெரிந்திருக்கிறது. இந்த மனிதர் 'நாம' 'நாம' என்று சொன்னதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான், நமக்கென்ன, மாடு வண்டியை இழுக்கிறதே என்று. பாவி. கழுத்தை நெரித்திருப்பேன்.

அப்போது அத்தான் என் தோளைத் தொட்டார். அதே சிரிப்பு.

"மாப்ளே, நம்மகிட்ட இப்போதைக்கு வேலை இல்லியாம். அப்புறமாப் பார்த்துச் செய்யலாம்ங்கிறாரு."

தமிழில் சொன்னதை எனக்குத் தமிழில் சொன்னார்! என் காதால் நான் கேட்டதை, என் முகத்துக்கு நேரே, மாற்றிச் சொன்னார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. கையைத் தட்டிவிட்டு வெளியே வந்தேன்.

படியில் ஒரு கால் வைத்ததுமே ஆடிப்போனேன். ஏறிவிடலாம், மடங்காத முழங்காலோடு இறங்க முடியாது. அத்தான் எனக்கு முன்னால் ஒரு படி கீழே போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வேறு வழி இல்லை. அந்தத் தோளைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டே அவரைத் திட்டினேன். அவரை, அவர் அப்பன் பாட்டனை, அவர் நாக்கை, அந்தக் கறுப்புக் கோட்டை, எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை ஒன்று பாக்கியில்லாமல் சொல்லித் திட்டினேன். அவர் ஒவ்வொரு படியாக நிதானமாக இறங்கினார், நான் விழுந்துவிடாதபடி.

கீழே எஞ்சின் சத்தத்தில் கோ தூன் நின்றுகொண்டு என் வாயசைவதைப் பார்த்தான்.

"மேனேஜர், என்ன சொல்றாரு?" என்று கத்திக் கேட்டான்.

"கால் ரொம்ப வலிக்குதாம்" என்றார் அத்தான்.